திரையில் பதைப்பு பிறந்த வரலாறு

திரைப்படம் குறித்துத் தமிழில் எழுதுவோர் மர்மம், திகில், பரபரப்பு, சஸ்பென்ஸ் என்னும் சொற்களை ஒருபொருட் பன்மொழியாகவே வழங்கி வருகின்றனர். ஒரு கொலையும் அதனைத் துப்பறியும் ஒருவரும் கதையில் இடம்பெற்றால் இந்நான்கில் எச்சொல்லும் பொருந்தும் என்பது பொதுவான எண்ணம். திரைக்கலையின் வரலாற்றைச் சற்று ஊன்றி நோக்குவோர்க்கு இவை வெவ்வேறு உணர்வுகள் என்பதும், இவற்றை எழுப்பும் வழிகளும் வெவ்வேறு என்பதும் புலனாகும். இவற்றுள் 'சஸ்பென்ஸ்' எனப்படும் உணர்வு, 'என்ன ஆகுமோ' என்று நெஞ்சம் பதைத்து நிற்கும் நிலை. அதனைப் 'பதைப்பு' என்னும் தமிழ்ச் சொல்லாலேயே குறிக்கலாம். ஒளிப்பதிவும் படத்தொகுப்பும் இவ்வுணர்வை எழுப்பக் கற்றுக்கொண்ட வரலாற்றையும், அவ்வாற்றல் எழுப்பும் அறவினாவையும் ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பதைப்பும் திகைப்பும்

பதைப்பின் இயல்பை எளிய சான்றால் விளக்கியவர் ஆல்ஃபிரட் ஹிட்ச்காக். 1962-ஆம் ஆண்டு பிரெஞ்சு இயக்குநர் பிரான்சுவா த்ரூஃபோ அவரோடு நிகழ்த்திய நீண்ட உரையாடல் 1966-இல் நூலாக வெளிவந்தது. அதில் அவர் தரும் சான்றின் சாரம் வருமாறு: ஒரு மேசையைச் சுற்றிச் சிலர் அமர்ந்து உப்புச்சப்பற்ற செய்திகளைப் பேசிக்கொண்டிருக்கின்றனர். மேசைக்கடியில் ஒரு வெடிகுண்டு இருக்கிறது. காண்போர் அதனை அறியாதிருக்க, அது திடீரென வெடித்தால் அவர்கள் அடைவது 15 நொடித் திகைப்பு. குண்டு வைக்கப்படுவதைக் காண்போருக்கு முன்னரே காட்டி, அது வெடிக்கும் நேரத்தையும் அறிவித்து, சுவரில் ஒரு கடிகாரத்தையும் காட்டிவிட்டால், அதே உப்புச்சப்பற்ற பேச்சு 15 நிமிடப் பதைப்பாக மாறிவிடுகிறது. பேசுவோரை எச்சரிக்க வேண்டும் என்று காண்போர் நெஞ்சம் துடிக்கிறது.

மறைப்பதால் பதைப்பு பிறப்பதில்லை, அறிவிப்பதால் பிறக்கிறது என்பது இதன் வழிப் பெறப்படும் கருத்து. தமிழ் இலக்கியம் பயின்றோர்க்கு இது புதிதன்று. சிலப்பதிகாரத்தின் பதிகமே கோவலன் கொலையுண்பதை முன்கூட்டியே உரைத்துவிடுகிறது. கொலைக்களக் காதையில், தான் செய்த களவைக் கோவலன்மேல் ஏற்றப் பொற்கொல்லன் துணிவதைப் படிப்போர் அறிவர், கோவலன் அறியான். பொற்கொல்லனின் சொல்லை நம்பி அவன் காத்திருக்கும் அச்சிறு பொழுதில் படிப்போர் நெஞ்சம் படும் பாடே பதைப்பு. கவிஞர் சொல்லால் செய்ததைத் திரைக்கலைஞர் எதனால் செய்வது? இவ்வினாவிற்கு விடை காணத் திரையுலகிற்குப் பல ஆண்டுகள் தேவைப்பட்டன.

ஒற்றை ஷாட்டும் இரட்டை மீட்பும்

1895-ஆம் ஆண்டு டிசம்பர் 28-ஆம் நாள் பாரிஸ் நகரில் லூமியேர் சகோதரர்கள் கட்டணம் பெற்றுத் திரையிட்ட படங்கள் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 50 நொடி ஓடும் ஒற்றை ஷாட்டாகவே இருந்தன. ஒளிப்பதிவுக் கருவி இடையறாது ஒரே ஓட்டமாகப் பதிவு செய்யும் துண்டே ஷாட் எனப்படுகிறது. ஒரே துண்டில் ஓரிடத்தில் நிகழ்வதை மட்டுமே காட்ட இயலும். ஓரிடத்தில் உள்ளோர்க்குத் தெரியாத ஒன்று வேறோரிடத்தில் நிகழ்ந்துகொண்டிருப்பதைக் காண்போருக்கு உணர்த்துதல் அன்று அரிதாகவே இருந்தது.

துண்டுகளை ஒட்டிக் கதை சொல்லத் தொடங்கிய பின்னரும் இச்சிக்கல் உடனே தீர்ந்துவிடவில்லை. அமெரிக்கரான எட்வின் போர்ட்டர் 1903-இல் வெளியிட்ட, தீயணைப்பு வீரர் ஒருவரைப் பற்றிய படம் இதற்குத் தக்க சான்றாகும். எரியும் வீட்டினுள் தாயும் குழந்தையும் சிக்கியுள்ளனர். அவர்கள் மீட்கப்படுவது முதலில் வீட்டின் உள்ளிருந்து முழுமையாகக் காட்டப்படுகிறது. பின்னர் அதே மீட்பு வீதியிலிருந்து மீண்டும் முழுமையாகக் காட்டப்படுகிறது. இரண்டாம் முறை காணும்போது முடிவு காண்போர்க்குத் தெரிந்துவிட்டது. கவலைப்பட எதுவும் எஞ்சவில்லை. உள்ளே ஒரு துண்டு, வெளியே ஒரு துண்டு என மாறிமாறிக் காட்டியிருந்தால் ஏணி வந்து சேருமா என்ற ஏக்கம் பிறந்திருக்கும். ஒரே நேரத்தில் இரண்டிடங்களில் நிகழ்வனவற்றை ஊடும் பாவுமாகப் பின்னும் முறை அன்று இன்னும் வேரூன்றவில்லை.

தொலைபேசியும் துரத்தலும்

அம்முறையைத் தேர்ந்த கலையாக வளர்த்தவர் டேவிட் வார்க் கிரிஃபித். 1909-இல் பயோகிராஃப் நிறுவனத்திற்காக அவர் இயக்கிய 'தி லோன்லி வில்லா' ஒரே சுருளில் அடங்கும் சிறு படம். பொய்ச் செய்தியொன்றால் கணவர் வெளியே வரவழைக்கப்படுகிறார். தனித்த வீட்டில் மனைவியும் மூன்று மகள்களும் இருக்கின்றனர். திருடர்கள் கதவை உடைக்கின்றனர். வழியில் கார் பழுதாகிவிட, கணவர் வீட்டிற்குத் தொலைபேசியில் பேசி உண்மையை அறிகிறார். பேச்சின் இடையில் திருடர்கள் கம்பியை அறுத்துவிடுகின்றனர். நாடோடிகளின் குதிரை வண்டியொன்றில் ஏறி அவர் வீடு நோக்கி விரைகிறார்.

இச்சிறு படத்தில் ஐம்பதுக்கும் மேற்பட்ட ஷாட்கள் உள்ளன. திருடர், குடும்பத்தினர், கணவர் என்னும் மூன்று புள்ளிகளுக்கிடையே படம் ஓயாது தாவுகிறது. ஒவ்வொரு தாவலும் ஒரு செய்தியைத் தருகிறது. அதே வேளையில் மற்றொன்றை நிறுத்தி வைக்கிறது. திருடர் கதவை இடிக்கும் கணத்தில் படம் கணவரிடம் போய்விடுவதால், கதவு உடைந்ததா இல்லையா என்பதைக் காண்போர் காத்திருந்தே அறிய வேண்டும். கணவர் பெறும் தொலைபேசிச் செய்தி அவருக்கு அறிவைத் தருகிறது. தொலைவு அவரது கைகளைக் கட்டிவிடுகிறது. திரையரங்கில் அமர்ந்திருப்போரின் நிலையும் அதுவே.

மாறிமாறித் தொகுக்கும் முறையை முதன்முதலில் கண்டவர் கிரிஃபித் அல்லர். இத்தகைய கதையைப் பிரான்சின் பாதே நிறுவனம் 1908-இலேயே படமாக்கியிருந்தது. இக்கதைகளுக்கெல்லாம் முன்னோடி ஆந்த்ரே த லோர்த் எழுதிய பிரெஞ்சு மேடை நாடகம். அதில் கணவன் தன் குடும்பம் கொல்லப்படுவதைத் தொலைபேசி வழியே கேட்டு நிற்கிறான். மேடையில் ஓரிடத்தை மட்டுமே காட்ட இயலும். எனவே ஓசைக்கு அப்பால் நிகழும் கொடுமையைப் பார்வையாளர் கற்பனை செய்துகொண்டனர். திரையோ இரண்டிடங்களையும் காட்ட வல்லது. இவ்வேறுபாட்டை முழுமையாகப் பயன்படுத்தியதே கிரிஃபித்தின் சிறப்பு எனலாம்.

1911-இல் வெளிவந்த அவரது 'தி லோன்டேல் ஆபரேட்டர்' ஏறத்தாழ நூறு ஷாட்களால் ஆனது. தந்தி நிலையத்தில் தனித்திருக்கும் இளம்பெண்ணைத் திருடர்கள் சூழ்கின்றனர். அவளுடைய காதலன் இரயில் எஞ்சினில் விரைந்து வருகிறான். இருட்டில் அவள் ஒரு துப்பாக்கியை நீட்டித் திருடர்களைத் தடுத்து நிறுத்துகிறாள். உதவி வந்த பின்னர் அவள் கையை அண்மைக் காட்சியில் காட்டுகிறார் கிரிஃபித். அது துப்பாக்கியன்று, ஒரு திருகுச்சாவி! இரயிலின் வருகை பதைப்பைத் தந்தது. திருகுச்சாவி திகைப்பைத் தந்தது. ஒரே படத்தில் ஒன்று அறிவித்ததால் விளைந்தது, மற்றொன்று மறைத்ததால் விளைந்தது.

உத்தி எவர் பக்கம்?

இவ்வுத்தியின் ஆற்றலும் அதன் கேடும் ஒருங்கே வெளிப்பட்ட படம் கிரிஃபித்தின் 'தி பர்த் ஆஃப் எ நேஷன்' (1915). தாமஸ் டிக்சன் 1905-இல் வெளியிட்ட நாவலைத் தழுவியது அது. அதன் இறுதியில் ஒரு சிறு குடிலுக்குள் வெள்ளையர் சிலர் முற்றுகையிடப்பட்டுள்ளனர். முற்றுகையிடுவோராகக் காட்டப்படுவோர் கறுப்பின மக்கள். மீட்க விரைந்து வரும் குதிரைப்படையாகக் காட்டப்படுவதோ, கறுப்பின மக்களைக் கொன்று அச்சுறுத்திய கூ க்ளக்ஸ் கிளான் அமைப்பு. குடில், குதிரைகள், மீண்டும் குடில் எனப் படம் விரைந்து மாறும்போது, 'இவர்கள் வந்து சேர மாட்டார்களா' என்று ஏங்கும் நிலைக்குக் காண்போர் தள்ளப்படுகின்றனர். 'லோன்லி வில்லா'வில் ஒரு குடும்பத்திற்காகத் துடிக்கச் செய்த அதே தொகுப்பு முறை, இங்கே ஒரு வன்கொடுமைக் கூட்டத்தை மீட்பராக வேண்டி நிற்கச் செய்கிறது.

கறுப்பின மக்களின் உரிமை அமைப்புகள் இப்படத்தைக் கடுமையாக எதிர்த்தன. ஆயினும் அதே 1915-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் ஜார்ஜியா மாநிலத்தில் அவ்வமைப்பு புதிதாகத் தொடங்கப்பட்டது; ஆள் சேர்ப்பதற்கு இப்படம் பயன்படுத்தப்பட்டது. யாருடைய கண்களின் வழியே நிகழ்ச்சியைக் காண்கிறோமோ, யாருடைய இடரைத் துண்டு துண்டாக அறிவிக்கின்றனரோ, அவர் பக்கமே நம் நெஞ்சம் சாய்கிறது. தகுதி நோக்கி அது பக்கம் தேர்வதில்லை. பதைப்பின் வரலாற்றை எழுதுவோர் மறக்கலாகாத உண்மை இது.

முகமும் படிக்கட்டும்

கிரிஃபித் 1916-இல் நான்கு காலத்துக் கதைகளைப் பின்னி அமைத்த 'இன்டாலரன்ஸ்' படத்தைச் சோவியத் இயக்குநர்கள் ஆழ்ந்து பயின்றனர். படச்சுருள் கிடைத்தற்கரியதாயிருந்த புரட்சிக்குப் பிந்திய ஆண்டுகளில், லெவ் குலெஷோவ் மாஸ்கோவில் தம் மாணவர்களோடு தொகுப்புச் சோதனைகள் நிகழ்த்தினார். அவற்றுள் புகழ்பெற்றதைப் பின்னாளில் புதோவ்கின் விளக்கியுள்ளார். இவான் மோஷுகின் என்னும் நடிகரின் உணர்ச்சி காட்டாத முகம் ஒன்று. அதனை ஒரு முறை சூப்புத் தட்டோடும், ஒரு முறை சவப்பெட்டியிலுள்ள பெண்ணோடும், ஒரு முறை விளையாடும் சிறுமியோடும் இணைத்துக் காட்டினர். கண்டோர் அம்முகத்தில் பசியையும் துயரையும் கனிவையும் கண்டனராம். முகம் மாறவில்லை, அண்டை ஷாட் மாறியது. ஒரு துண்டின் பொருள் அதனுள் மட்டுமன்றி அதனை அடுத்து வருவதிலும் உள்ளது என்பது இதனால் தெளிவாயிற்று.

செர்கேய் ஐசன்ஸ்டைன் 1925-இல் எடுத்த 'போர்க்கப்பல் பொட்டெம்கின்' காலத்தையே நீட்டிக் காட்டியது. ஒதெஸ்ஸா நகரின் படிக்கட்டில் படைவீரர் சுட்டுக்கொண்டே இறங்குகின்றனர். குண்டடிபட்ட தாய் ஒருத்தி சாய்கிறாள். அவளுக்குப் பின்னால் குழந்தையின் தள்ளுவண்டி படியின் விளிம்பில் தடுமாறுகிறது. அவள் முகம், அவள் கை, வண்டியின் சக்கரம், படைவீரரின் காலணி எனப் படம் பல முறை மாறிய பின்னரே வண்டி உருளத் தொடங்குகிறது. உண்மையில் சில நொடிகளில் முடிந்துவிடக்கூடிய நிகழ்ச்சி அது. தொகுப்பு அதனை நீட்டுகிறது. நீளும் ஒவ்வொரு கணமும் வண்டியைத் தடுக்க வேண்டும் என்னும் துடிப்பை வளர்க்கிறது.

விரைவான தொகுப்பின்றியும் பதைப்பை எழுப்பலாம் என்பதை ஜெர்மானிய இயக்குநர் ஃபிரிட்ஸ் லாங் 1931-இல் 'எம்' படத்தில் மெய்ப்பித்தார். பள்ளி முடிந்தும் வீடு திரும்பாத மகளைத் தாய் பெயர் சொல்லி அழைக்கிறாள். அக்குரல் ஒலிக்கும்போது திரையில் வெறுமையே தெரிகிறது: ஆளில்லாத படிக்கட்டு, துணி உலரும் பரண், உணவு மேசையில் தொடப்படாத தட்டு. பின்னர்ப் புதரிலிருந்து ஒரு பந்து உருண்டு வந்து நிற்கிறது; ஒரு பலூன் கம்பியில் சிக்கித் தவிக்கிறது. கொலை காட்டப்படவே இல்லை. தாய்க்கு இன்னும் நம்பிக்கை இருக்கிறது, காண்போருக்கு இல்லை.

ஹிட்ச்காக்கின் கணக்கு

இவ்வழிகள் அனைத்தையும் உள்வாங்கியவர் ஹிட்ச்காக். 1920-களில் அமெரிக்க நிறுவனமொன்றின் இலண்டன் கிளையில் தலைப்பெழுத்து வரைவோராகத் தொடங்கி, ஜெர்மானியப் படப்பிடிப்புத் தளங்களிலும் பயின்று வளர்ந்தவர் அவர். அவருடைய 'சாபடாஜ்' (1936), ஜோசஃப் கான்ராட் 1907-இல் வெளியிட்ட நாவலைத் தழுவியது. நாவலில் சிறுவன் ஸ்டீவி குண்டு வெடித்து இறப்பது நேரே சொல்லப்படுவதில்லை. நிகழ்ச்சி முடிந்த பின்னர்ப் பிறர் பேச்சிலிருந்து படிப்போர் அதனைச் சிறிது சிறிதாக உணர்கின்றனர். ஹிட்ச்காக் இம்முறையைத் தலைகீழாக்கினார். படச்சுருள் பெட்டிகளோடு ஒரு பொட்டலத்தையும் சுமந்து செல்கிறான் சிறுவன். அதில் குண்டு இருப்பதும், அது 1.45 மணிக்கு வெடிக்கும் என்பதும் காண்போர்க்குத் தெரியும். வீதி வணிகன் ஒருவன் அவனைத் தடுத்து வைக்கிறான். ஊர்வலம் வழியை மறிக்கிறது. பேருந்தில் ஏறியவன் ஒரு நாய்க்குட்டியோடு விளையாடுகிறான். பொட்டலம், கடிகாரம், நெரிசல், சிறுவனின் முகம் என ஷாட்கள் நெருங்கி வருகின்றன. குண்டு வெடித்துவிடுகிறது.

சிறுவனை அவ்வாறு இறக்கச் செய்தது தம் பெரும்பிழை என ஹிட்ச்காக் பின்னர் த்ரூஃபோவிடம் ஒப்புக்கொண்டார். காண்போரைப் பதைக்க வைத்த பின்னர் அவர்களுக்கு ஆறுதல் தர வேண்டும் என்பது அவர் கண்ட பாடம். இயக்குநர் காண்போரிடமிருந்து அன்பையும் அக்கறையையும் கடனாகப் பெறுகிறார். அக்கடனை எவ்வாறு தீர்ப்பது என்னும் வினா உத்தியைத் தாண்டி அறத்தின் எல்லைக்குள் வந்துவிடுகிறது.

'நொட்டோரியஸ்' (1946) படத்தில் அவர் வெட்டுக்கு மாறாக நகர்வைக் கையாண்டார். விருந்து நிகழும் பெருங்கூடத்தை மிக உயரத்திலிருந்து காட்டத் தொடங்கும் ஒளிப்பதிவுக் கருவி, இடையறாது கீழிறங்கி, நாயகியின் கைக்குள் ஒளிந்திருக்கும் சிறு சாவியில் வந்து நிற்கிறது. அத்தனை பேர் கூடிய விருந்தில் அச்சாவி ஒன்றே முதன்மையானது என்பதை அவ்வொரு ஷாட் சொல்லிவிடுகிறது. பின்னர் ஷாம்பெய்ன் புட்டிகள் ஒவ்வொன்றாகக் குறைவதைக் காட்டுகிறார். புட்டிகள் தீர்ந்தால் கணவன் மது அறைக்கு வருவான். சாவி இல்லாததை அறிவான். கடிகாரத்தின் வேலையைப் புட்டிகள் செய்கின்றன.

'ரோப்' (1948) படத்தில் வெட்டையே பெரும்பாலும் துறந்தார். ஒளிப்பதிவுக் கருவியில் அடங்கும் ஆயிரம் அடிச் சுருள் ஏறத்தாழப் பத்து நிமிடம் ஓடும். பத்து நிமிடம் வரை நீளும் ஷாட்களால் படத்தை அமைத்தார். கொலையுண்டவரின் உடல் கிடக்கும் பெட்டியின்மேல் விருந்து படைக்கப்பட்டிருக்கிறது. விருந்தினர் திரைக்கு வெளியே பேசிக்கொண்டிருக்க, பணிப்பெண் பெட்டியின்மேல் உள்ளவற்றை ஒவ்வொன்றாக அகற்றி வருகிறார். கருவி அசையாது அதனையே பார்த்திருக்கிறது. கண்ணைத் திருப்பிக்கொள்ள வழியில்லாமையே இங்குப் பதைப்பாகிறது.

'ரியர் விண்டோ' (1954) காண்பவரையே கதைத்தலைவராக்கியது. கால் முறிந்து நாற்காலியில் கிடக்கும் புகைப்படக்காரர் எதிர் வீட்டைப் பார்க்கிறார். அவர் முகம், அவர் காண்பது, மீண்டும் அவர் முகம் என்னும் மூன்று துண்டுகளே படத்தின் அடிப்படைத் தொடரிலக்கணம். குலெஷோவின் சோதனை இங்கே முழுக் கதையாக விரிகிறது. அவருடைய காதலி எதிர் வீட்டினுள் நுழைந்திருக்கும்போது, கொலையாளி எனக் கருதப்படுபவன் நடைவழியில் திரும்பி வருகிறான். இருவரும் அவர் கண்ணில் படுகின்றனர். அவரால் எழ முடியாது. இறுதியில் எதிர் வீட்டுக்காரன் தலை நிமிர்ந்து நேராக நோக்கும்போது, இருளில் ஒளிந்து பார்த்த பார்வை பிடிபட்டுவிடுகிறது. அப்பார்வை திரையரங்கினரையும் சுடுகிறது.

'சைக்கோ' (1960) படத்தின் குளியலறைக் காட்சி ஏழு நாள் எடுக்கப்பட்டு ஒரு நிமிடத்திற்கும் குறைவாக ஓடுவது. பலரும் புகழும் அக்காட்சி பெரிதும் திகைப்பைச் சார்ந்தது. அதன் பின் வருவதே பதைப்பின் இயல்பை உணர்த்தவல்லது. சான்றுகளை மறைக்க முயலும் நார்மன், காரைச் சதுப்பு நிலத்தில் தள்ளுகிறான். அது பாதி மூழ்கிச் சற்றே நின்றுவிடுகிறது. அந்நொடியில் 'மூழ்கிவிட வேண்டுமே' எனக் காண்போர் நெஞ்சம் விரும்புகிறது. கொலையுண்டவருக்காக இரங்கிய நெஞ்சம் சில நிமிடங்களில் கொலையை மறைப்பவனோடு சேர்ந்துவிட்டது. 1915-இல் கிரிஃபித்தின் படம் அறியாது காட்டிக்கொடுத்த உண்மையை ஹிட்ச்காக் அறிந்தே காண்போர்முன் வைத்தார்.

மர்மத்தின் தனி வழி

'ரியர் விண்டோ' வெளிவந்த அதே 1954-இல் தமிழில் 'அந்த நாள்' வெளிவந்தது. ஏவி.எம். நிறுவனம் தயாரிக்க, எஸ். பாலச்சந்தர் இயக்கினார். பாட்டும் நடனமுமே படமெனக் கருதப்பட்ட காலத்தில் பாடலே இன்றி அமைந்த படம் அது. இரண்டாம் உலகப் போர்க்காலச் சென்னையில் வானொலிப் பொறியாளர் ஒருவர் சுட்டுக் கொல்லப்படுகிறார். ஐயத்திற்குரிய ஒவ்வொருவரும் தம் நோக்கில் நிகழ்ந்ததைக் கூறக் கூற, அதே மனிதர் வெவ்வேறு வடிவில் திரையில் தோன்றுகிறார். ஜாவர் சீதாராமனின் திரைக்கதை காண்போருக்குச் செய்தியைத் தருவதினும் நிறுத்தி வைப்பதிலேயே வல்லமை காட்டுகிறது.

இது மர்மத்தின் வழி. கொலையாளி யார் என்பதைக் காணாதவரிடம் கூறிவிட்டால் அவர் இழப்பது மிகுதி. ஆதலின் இங்கும் அது கூறப்படவில்லை. பேருந்தில் குண்டு வெடிக்கும் என்பதை அறிந்த பின்னும் 'சாபடாஜ்' நெஞ்சை நடுங்கச் செய்கிறது. மர்மம் அறிவை வேண்டி நிற்கிறது. பதைப்பு அறிந்தும் செயலற்று நிற்கிறது. இரண்டும் உயர்ந்த கலையாகலாம். இவற்றை ஒன்றெனக் கொண்டு 'சஸ்பென்ஸ்' எனும் ஒரே சொல்லால் புகழ்வது இரண்டிற்கும் நீதி செய்யாது.

முடிவுரை

எதனைக் காட்டுவது, எத்துணை அண்மையில் காட்டுவது, எப்போது வெட்டுவது, வெட்டிய பின் எதனருகே வைப்பது என்னும் நான்கு முடிவுகளாலேயே பதைப்பு உருவாகிறது. இந்நான்கும் யாருக்கு எதைத் தெரிவிப்பது என்னும் ஒரே வினாவின் கிளைகள். கிரிஃபித்தின் காலத்தில் திரையரங்கிற்குள் மட்டுமே வழங்கிய இவ்விலக்கணம், இன்று தொலைக்காட்சிச் செய்தியிலும் தேர்தல் விளம்பரத்திலும் கைப்பேசியில் பரவும் சிறு படங்களிலும் வழங்குகிறது. குடிலும் குதிரைப்படையும் மாறிமாறித் தோன்றும் தொகுப்பை இங்கெல்லாம் காணலாம்; குடிலுக்குள் இருப்போர் இன்னார், முற்றுகையிடுவோர் இன்னார் என்பதை மட்டும் தொகுப்பவர் முடிவு செய்கிறார்.

செய்யுளைப் பயிற்றுவிக்கும்போது கூற்று யாருடையது, கேட்போர் யார் என்று வினவிப் பொருள் கொள்வது தமிழ்ப் புலமை மரபு. அகப்பாடல் ஒன்றைத் தலைவி கூற்றாகக் கொள்வதற்கும் தோழி கூற்றாகக் கொள்வதற்கும் பொருள் வேறுபடும் என்பதை மாணவர் அறிவர். திரைக்காட்சியையும் அவ்வாறே வினவப் பயிற்றுதல் வேண்டும்: இது யாருடைய பார்வை? வெட்டப்பட்ட இடத்தில் எது விடுபட்டது? நெஞ்சம் யாருக்காகத் துடிக்கிறது, அவர் அதற்குத் தகுதியுடையவரா? பதைப்பில் ஆழ்ந்தவாறே இவ்வினாக்களை எழுப்பப் பழகிய காண்போரை எத்தொகுப்பாளரும் எளிதில் ஏமாற்ற இயலாது.